பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவோம்



படம் பார்க்க நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பால்குடி மறந்த பிள்ளைகூடத் திரையில் பாட்டு வந்தால் கைதட்டுகிறது. ஆனால், பார்த்த படத்தைப் பற்றி நான்கு பேரிடம் எப்படிச் சொல்வது என்பதை நாம் இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

"படம் எப்படி?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். "சூப்பர்" என்கிறார் ஒருவர். "வெறும் அறுவை" என்கிறார் இன்னொருவர். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. கேட்டவருக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. மீன்குழம்பைப் பற்றிக் கேட்டால், "புளி சற்றுத் தூக்கல், உப்பு சரி, மீன் நேற்றைய மீன்" என்று பிசகில்லாமல் சொல்கிற நாம், இரண்டரை மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்த ஒன்றுக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் கொடுக்கிறோம்.

நம்முடைய ஒரு சொல்லுக்கு விலை உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் பட்டணத்துக்குப் போய்ப் படம் பார்ப்பதென்றால், போக்குவரத்துச் செலவு, ஆளுக்கொரு டிக்கெட், பிள்ளைகள் கேட்கும் தின்பண்டம், எல்லாவற்றுக்கும் மேலாக வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள், இத்தனையும் சேர்ந்து போகின்றன. "கட்டாயம் போய்ப் பாருங்கள்" என்று நாம் சொல்லும்போது, இன்னொரு வீட்டுச் சம்பளப் பணத்தில் கை வைக்கிறோம். ஆகவே சொல்வதைப் பொறுப்போடு சொல்ல வேண்டும்.

நம் முன்னோர்களுக்கு இந்தப் பழக்கம் இருந்தது. 1946-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவு எடுத்த படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டந்தோட்டமாகக் கொண்டுபோய்க் காட்டின. அது தவிர, திடலில் வெள்ளைத் துணி கட்டித் தமிழ்ப் படங்களும் காட்டப்பட்டன. பாய் விரித்து உட்கார்ந்து எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்களத்திலேயே பேச்சு தொடங்கிவிடும். கைக்குழந்தையோடு வீட்டில் தங்கிவிட்டவள், காய்ச்சலில் படுத்திருந்தவர், இவர்களெல்லாம் மற்றவர் சொல்லக் கேட்டே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள்.

இப்போது ஒரே வீட்டில் நான்கு கைப்பேசிகள். நான்கு மூலைகளில் நான்கு படங்கள். தந்தை பார்த்தது மகனுக்குத் தெரியாது. மகன் பார்ப்பதைத் தாய் அறிய மாட்டாள். படங்கள் பெருகிவிட்டன, பேச்சுத்தான் குறைந்துவிட்டது. அந்தப் பேச்சை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவர ஐந்து எளிய வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கதை எதைப் பற்றியது என்று மூன்று வாக்கியங்களில் சொல்லப் பழகுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். லெனின் பாரதி இயக்கி 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்ற படம். மலைச்சரிவில் ஏலக்காய் மூட்டை சுமந்து பிழைக்கும் ரங்கசாமி என்ற தொழிலாளிக்குத் தனக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்ற ஆசை. அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்க்கிறான். நிலம் கைக்கு வருகிறதா, வந்தால் கையில் நிற்கிறதா என்பதுதான் கதை. இதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். நாற்பது வருடம் தோட்டத்து வீட்டிலே வாழ்ந்து, வேலை முடிந்தபின் எங்கே போவது என்று யோசித்தவர்களுக்கு, இந்த மூன்று வாக்கியங்களே போதும். அவர்கள் தாமாகவே படத்தைத் தேடிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, பிடித்தது, பிடிக்கவில்லை என்றால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொன்ன இதே படத்தில் பேர்பெற்ற கதாநாயகன் இல்லை. படம் நிதானமாக நடக்கிறது. மூட்டை சுமக்கிறவன் மலையேறுவதைப் போலவே நடக்கிறது. அடிதடியை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு இது சலிப்பாக இருக்கும். சுமை தூக்கிப் பழகியவருக்கு அந்த நடையே பிடித்துப்போகலாம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது வேறு. "படம் மோசம்" என்பது வேறு. முதலாவது நம்மைப் பற்றிய செய்தி. இரண்டாவது படத்தைப் பற்றிய தீர்ப்பு. தீர்ப்புச் சொல்வதானால் சாட்சியம் வேண்டும்.

நாம் எதை எதிர்பார்த்துப் போனோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பா. இரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த 'கபாலி' 2016-ஆம் ஆண்டில் வந்தது நினைவிருக்கும். நம் நாட்டிலேயே நடக்கும் கதை. நம் தோட்டத்துத் தமிழரைப் பற்றிய பேச்சும் அதில் உண்டு. 1995-ஆம் ஆண்டின் 'பாட்ஷா'வை மனத்தில் வைத்துக்கொண்டு போனவர்களில் பலர் ஏமாந்து திரும்பினார்கள். நம் கதையைப் பெரிய நடிகர் ஒருவர் பேசுகிறாரே என்று போனவர்களில் பலர் நெஞ்சு நிறைந்து வந்தார்கள். படம் ஒன்றுதான், கொண்டுபோன பாத்திரம்தான் வேறு வேறு.

மூன்றாவது, படத்தை நமக்குத் தெரிந்த வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பேசுங்கள். பாலா இயக்கிய 'பரதேசி' 2013-ஆம் ஆண்டில் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் வந்திருக்கிறது. அதைத் தழுவியதுதான் அந்தப் படம். பஞ்சம் பிழைக்க வழி தேடும் கிராமத்து மக்களைக் கங்காணி ஆசைகாட்டி மலைக்கு அழைத்துப் போகிறான். போன இடத்தில் கடன் கணக்கு ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் இருக்கும் பாட்டியிடம் கேளுங்கள்: "உங்கள் அப்பா இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்? யார் அழைத்து வந்தது?" படம் தென்னிந்தியத் தேயிலை மலையைக் காட்டுகிறது, நம் முன்னோர் பலர் வந்தது கடல் கடந்து, பால்மரக் காட்டுக்கு. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் கங்காணி இங்கேயும் இருந்தார். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை, கூலித் தொழிலுக்கு உதவிப் பயணத்தில் ஆட்கள் இங்கு அனுப்பப்பட்டு வந்தார்கள். எது நம் வீட்டுக் கதையோடு ஒத்துப்போகிறது, எது மாறுகிறது என்று பாட்டி சொல்லத் தொடங்கினால், பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைக்காத சரித்திரம் கிடைக்கும். பாட்டிகள் எப்போதும் நம்மோடு இருக்கப்போவதில்லை. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

நான்காவது, படம் யாருக்கு ஏற்றது என்று சொல்லுங்கள். தணிக்கை வாரியம் 'யு' என்று போட்டிருந்தால் எல்லாரும் பார்க்கலாம். 18 என்று போட்டிருந்தால் அது பெரியவர்களுக்கானது. இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது முதல் கடமை. ஆனால், எண்ணும் எழுத்தும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. "கடைசி அரை மணி நேரம் வெட்டுக்குத்து அதிகம், சின்னப் பிள்ளை பயப்படும்" என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்வது பெரிய உதவி.

ஐந்தாவதுதான் முக்கியமானது. பிள்ளைகள் சொல்லும் அபிப்பிராயத்தை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலேயே எடுக்கப்பட்ட 'ஜகாட்' என்ற தமிழ்ப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய குடும்பத்தின் கதை. அப்போய் என்ற சிறுவன் கெட்டிக்காரன், குறும்புக்காரன். அவன் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று தந்தை அடித்து வளர்க்கிறார். சித்தப்பனோ குண்டர் கும்பலில் இருக்கிறான். பையனின் கண் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் படம்.

என்னிடம் படித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற ஒரு மாணவனின் தந்தை, செம்பனைக் குலை வெட்டுகிறவர், இந்தப் படத்தை மகனோடு சேர்ந்து பார்த்திருக்கிறார். பார்த்து முடித்ததும், "அந்தப் பையன் சொல்பேச்சுக் கேட்காதவன். அப்பன் அடித்ததில் தப்பே இல்லை" என்றாராம். மகன் சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லப்பா, அவன் என்ன சொல்ல வந்தான்னு யாருமே கேக்கல" என்றானாம். தந்தை இதை என்னிடம் சொல்லிவிட்டு, "சார், அவன் படத்தைப் பத்தி மட்டும் பேசலன்னு எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் புரிஞ்சது" என்றார்.

நேயர்களே, தன் மனக்குறையை நேரடியாகச் சொல்லத் தைரியம் இல்லாத பிள்ளை, திரையில் வரும் ஒரு பையனின் பெயரில் அதைச் சொல்லிவிடும். நாம் குறுக்கே பேசாமல் இருந்தால் அது நம் காதில் விழும். "உனக்கு என்னடா தெரியும், வாயை மூடு" என்றால், மறுமுறை அவன் சொல்ல மாட்டான். கேட்பதற்கு வெளியே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கும்பல்களில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி நாம் வருந்துகிறோமே, அவர்களை முதலில் பொறுமையாகக் கேட்டவன் பெரும்பாலும் அந்தக் கும்பல்காரனாகத்தான் இருப்பான்.

கத்தி தூக்கும் கதாநாயகனைப் பிள்ளை மெச்சிப் பேசினால் பதறாதீர்கள்; கேள்வி கேளுங்கள். "இவனுக்கு என்ன வேலை? சம்பளம் யார் கொடுக்கிறார்? இவன் சிறைக்குப் போனால் அம்மாவுக்குச் சோறு யார் போடுவார்? அடிபட்டு விழுந்தவனுக்கு வீடு இல்லையா?" படம் காட்டாத இடங்களைப் பிள்ளையே யோசித்துச் சொல்லட்டும். நாம் செய்யும் உபதேசத்தைவிட அவன் தானாகக் கண்டுபிடித்த பதில் நெடுநாள் நிற்கும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வாரத்தில் ஓர் இரவு, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிகளைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாரும் ஒரே படத்தைப் பாருங்கள். ஒரு வாரம் தந்தை தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வாரம் தாய், ஒரு வாரம் பிள்ளைகள். முடிந்தபின் கால்மணி நேரம் உட்கார்ந்து ஆளுக்கொரு கருத்துச் சொல்லுங்கள். வயதில் சிறியவர் முதலில் பேசட்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சிறியவர் அதையே திருப்பிச் சொல்வார். ஒருவர் பேசும்போது மற்றவர் சிரிக்கக் கூடாது. கருத்து வேறுபட்டால் வேறுபடட்டும். எல்லாரும் ஒரே முடிவுக்கு வரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வருகிற சனிக்கிழமை, படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எந்த இடம் பிடித்தது, ஏன்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.