வறட்சியைத் தாங்கும் செடிகள்

2014-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் வறண்ட குழாய் என்று பங்கீடு நடந்தது நினைவிருக்கிறதா? பிப்ரவரி இறுதியில் தொடங்கி ஏப்ரல் வரை நீடித்தது. வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் சமையலுக்கும் குளியலுக்குமே போதவில்லை. பூச்செடிக்கு எங்கே போவது?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் தோட்டமென்றால் பெரும்பாலும் நாலைந்து தொட்டிகள்தாம். அவற்றில் எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சோற்றுக் கற்றாழை பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறக்கும். அதனால் உறிஞ்சிய நீர் ஆவியாகி வீணாவது மிகக் குறைவு. ஒரு மடலை ஒடித்துப் பாருங்கள், உள்ளே அத்தனையும் ஈரம். இப்படிச் சதைப்பற்றுள்ள பச்சை மடலில் தீயும் சட்டென்று பற்றாது. காகிதப்பூவோ, மண் சற்றுக் காய்ந்தால்தான் பூத்துக் குலுங்கும். தினமும் நீரூற்றினால் வெறும் இலைதான். கற்பூரவல்லியும், வேர் பிடித்துவிட்ட முருங்கையும் வெயிலுக்கு அஞ்சுவதில்லை.

ஆனால் தீ விஷயத்தில் செடியை மட்டும் நம்பியிருக்க முடியாது. வறட்சி மாதங்களில் சாலையோர லாலான் புல் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த சருகு எந்தச் செடியுடையதானாலும் எரியும். தரைவீட்டுக்காரர்கள் சுவரோரச் சருகுகளைக் கூட்டி அள்ளிவிடுங்கள், அங்கேயே கொளுத்தாதீர்கள்.

மீண்டும் தண்ணீர் விஷயத்துக்கு வந்தால், அரிசி கழுவிய தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுங்கள். தொட்டியின் அடித்தட்டில் மட்டும் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும்.