பெயர் அறியாப் பாடகர்



நாட்டுப் பாடல் என்றதும், தொன்றுதொட்டு மாறாமல் வழங்கிவரும் ஒன்றென நாம் எண்ணிவிடுகிறோம். ஸ்கொத்லாந்தும் அயர்லாந்தும் உலகுக்கு அளித்த மூன்று பாடல்களின் வரலாற்றை நோக்குவோமாயின், இவ்வெண்ணத்தைச் சற்றே திருத்திக்கொள்ள நேரிடும்.

ஆண்டு முடியும் நள்ளிரவில் பலரும் கைகோத்துப் பாடுவது 'ஓல்ட் லாங் சைன்'. 'நெடுநாட்களுக்கு முன்' என்பது அத்தொடரின் பொருள். ஸ்கொத்லாந்துக் கவிஞர் ரொபேட் பேர்ண்ஸ் 1788 இல் இதனை ஏட்டில் ஏற்றினார். முதியவர் ஒருவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாகவே அவர் கூறினார். இதே தொடரைக் கொண்ட பாட்டொன்று 1711 ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தது. ஆகவே, இதில் பழமை எவ்வளவு, பேர்ண்ஸின் கைவண்ணம் எவ்வளவு எனப் பிரித்துக் காட்டுதல் எளிதன்று. பாட்டு நூலில் வெளிவந்தது 1796 இல். அவ்வாண்டிலேயே, அது வெளிவருமுன், கவிஞர் மறைந்துவிட்டார். இன்று நாம் கேட்கும் மெட்டுடன் ஜோர்ஜ் தொம்சன் என்பார் அதனைப் பதிப்பித்தது 1799 இல்.

இரண்டாவது, ஸ்கை தீவின் படகுப் பாடல். 1746 ஏப்பிரல் 16 ஆம் நாள் கலொடன் போர்க்களத்தில் இளவரசர் சார்ல்ஸ் எட்வேட் ஸ்ருவட்டின் படை தோற்றது. அரச படையினர் அவரைத் தேடித் திரிந்தனர். ஃப்ளோரா மக்டொனல்ட் என்னும் இளநங்கை, யூன் மாதத்தில், அவருக்குப் பணிப்பெண் வேடமிட்டுப் படகேற்றி ஸ்கை தீவுக்கு அழைத்துச் சென்றாள். தோற்ற மலைநாட்டார் தங்கள் மரபுடையை அணிவதும் அவ்வாண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1782 வரை அத்தடை நீங்கவில்லை. இத்துயரைக் கண்டவர் எவரோ பாடிய பாட்டென்று கேட்போர் நினைப்பர். ஆயின், சொற்களை இயற்றிய ஹரல்ட் போல்ட்டன் ஓர் ஆங்கிலேயர். பாட்டு வெளியானது 1884 இல். மெட்டு மட்டும், ஸ்கை தீவில் படகோட்டிகள் துடுப்பு வலிக்கையில் பாடியதைக் கேட்டு ஆன் மக்லியொட் என்னும் பெண்மணி நினைவில் கொண்டுவந்தது. துடுப்பின் ஏற்ற இறக்கத்தை இன்றும் அம்மெட்டில் உணரலாம்.

மூன்றாவது, அயர்லாந்தின் 'லண்டன்டெரி' மெட்டு. லிமவாடி என்னும் ஊரில் வாழ்ந்த ஜேன் றோஸ் இதனைக் குறித்தெடுத்து, ஜோர்ஜ் பீற்றி என்னும் அறிஞருக்கு அனுப்பினார். 'மிகப் பழையது' என்பதற்கு மேல் அவர் எழுதவில்லை. 1855 இல் பீற்றி அதனை அச்சிட்டபோது, அனுப்பியவரின் பெயர் இருந்தது. பாட்டின் பெயரில்லை, சொல்லில்லை, இசைத்தவரின் பெயருமில்லை. பிரெட் வெதர்லி என்னும் ஆங்கில வழக்கறிஞர் 1910 இல் எழுதி வைத்திருந்த சொற்கள், 1913 இல் அம்மெட்டுடன் கூடி 'டானி போய்' என வெளிவந்தன.

பீற்றியின் நூல் வெளிவந்த காலத்தை நாம் மறத்தலாகாது. 1845 இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். அதனினும் மிகுந்த தொகையினர் கடல் கடந்தனர். பாடத் தெரிந்த எத்தனையோ பேர் அவர்களுள் அடங்குவர். எவரும் எழுதிவைக்காத பாடல்கள் அவர்களோடு போயின. ஜேன் றோஸ் எழுதியிராவிட்டால் இம்மெட்டும் அவ்வாறே மறைந்திருக்கலாம். அவர் செய்த பேருதவியைப் போற்றுகிறோம். இன்னொரு வரி சேர்த்து எழுதியிருந்தால், அதை இசைத்தவரையும் இன்று போற்றியிருப்போம்.

ஆகவே நேயர்களே, முதியவர் ஒருவர் பாடக் கேட்டு நீங்கள் பாட்டொன்றை எழுதிக்கொள்ள நேர்ந்தால், முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். பாட்டின் மேல் அதனை எழுதுங்கள். ஊரையும் நாளையும் சேர்த்துக் குறியுங்கள். பிறகு பாட்டை எழுதலாம்.