அச்சம் விற்பனைக்கு



1992 மார்ச் 6ஆம் நாள் உலகெங்கும் கணினிகள் செயலிழக்கப்போகின்றன என்று அமெரிக்க ஏடுகள் வாரக்கணக்கில் எழுதின. காரணம், 'மைக்கேலாஞ்சலோ' என்னும் வைரஸ். அச்சிற்பியின் பெயர் அந்நிரலுக்குள் எங்கும் இல்லை. அவர் பிறந்த நாளன்று விழித்துத் தரவுகளை அழிக்கும் என்பதால் பிறர் சூட்டிய பெயர் அது. 50 லட்சம் கணினிகள்வரை பாதிக்கப்படலாம் என்னும் மதிப்பீடு ஜான் மெக்காஃபியின் பெயரால் பரவியது. அவரோ வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்பவர். அந்த நாள் வந்தது; பதிவான பாதிப்பு ஆயிரங்களின் கணக்கிலேயே நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் அவரது நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்தது.

இதைத் தனிமனிதப் பேராசை என்று ஒதுக்கிவிட இயலாது. இத்தொழிலின் சரக்கே விசித்திரமானது. அது சரியாக வேலை செய்தால் ஒன்றுமே நிகழாது. நிகழாத ஒன்றை வாங்குபவர் எதைக்கொண்டு அளப்பார்? ஆகவே கதை தேவைப்படுகிறது. கடவுச்சொல் திருடும் அன்றாட நிரல் செய்தியாகாது. அபூர்வமான நிரலோ தலைப்புச் செய்தியாகும், அதுவும் விளம்பரக் கட்டணமின்றி! கண்டுபிடித்தவரின் திறமைக்கும் அதுவே சான்றிதழ். அரசு ஒப்பந்தங்களுக்கு வேறென்ன வேண்டும்?

இவ்வறிக்கைகளைத் தமிழாக்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் சீனக் குழுக்களைப் பாண்டா என்கிறது, ரஷ்யக் குழுக்களைக் கரடி என்கிறது, ஈரானியக் குழுக்களைப் பூனைக்குட்டி என்கிறது. அமெரிக்கக் கழுகை அந்த விலங்குக்காட்சிச் சாலையில் நான் கண்டதில்லை.

எனினும் அனைத்தையும் விளம்பரமென்று தள்ளுவதும் தவறு. 2010இல் ஸ்டக்ஸ்நெட்டை முதலில் இனங்கண்டது பெலாரஸின் ஒரு சிறு நிறுவனம். பிற நிறுவனங்களும் ஆய்வாளர்களும் அதைப் பிரித்தாய்ந்து வெளியிட்டிராவிடில், ஈரானின் நடான்ஸ் அணுநிலையச் சுழலிகளே அதன் இலக்கு என்பதை உலகம் எளிதில் அறிந்திராது.

நம் நாட்டுக்கு வருவோம். பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் ஆவணங்கள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டன என்று ஆர்செனல் என்னும் அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை 2021இல் கூறியது. அதற்குப் பயன்பட்டதாக அது குறிப்பிடும் நெட்வயர், காசு கொடுத்தால் எவருக்கும் கிடைத்த சாதாரணக் கருவி. மறு ஆண்டு சென்டினல்ஒன் வெளியிட்ட ஆய்வும், செயற்பாட்டாளர்களைப் பல்லாண்டுகள் குறிவைத்த குழுவின் கருவிகளில் புதுமை ஏதுமில்லை என்றே காட்டியது. மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வரும். அதைத் திறந்தால் போதும்.