இந்திய ஹொக்கியின் வீழ்ச்சியும் எழுச்சியும்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)





விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு மன்றச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சமய மன்றத்து மேடையிலே விளையாட்டுக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். ஊர் கூடித் தேர் இழுப்பது நமது மரபு. வடத்தைப் பிடிப்பவர் நூறு பேர். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் நால்வர். அந்த நால்வரும் தம்முள் பிணங்கினால் நூறு பேரின் பலமும் வீணாகித் தேர் நடுத்தெருவில் நின்றுவிடும். அவ்வாறு பல்லாண்டுகள் நின்றுபோன ஒரு தேரின் கதையையே இன்று கூற வந்தோம். அதுதான் இந்திய ஹொக்கி அணியின் கதை.

நாம் ஹொக்கி ஆடிப் பெயர் பெற்றவரல்லோம், வெறும் இரசிகரே. சிறு பிராயத்திலே கொய்யாக் கம்பை வளைத்து மட்டையாக்கி, றப்பர் மலையிலே பொறுக்கிய ஒட்டுப்பாலைச் சுற்றிப் பந்தாக்கி, லயத்து வாசலில் ஆடியதே நமது அனுபவம். கண்டியிலும் மாத்தளையிலும் ஹொக்கிக்கு நெடுங்கால மதிப்பு உண்டு. சப்பிரகமுவத் தோட்டங்களிலோ கிரிக்கெட்டும் கரப்பந்துமே மிகுதி. எனினும் கடல் கடந்த அந்த அணியின்மீது நமக்குள்ள பற்று, பெரியவர்களிடமிருந்து வழிவழியாக வந்ததொன்று.

அப்பற்றுக்குக் காரணம் உண்டு. 1928ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணி முதன்முறையாகத் தங்கம் வென்றது. அவ்வணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, ஆதிவாசிக் குடியிலே பிறந்தவர். அன்று தொடங்கி 1956 வரை நடைபெற்ற ஆறு ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் இந்தியாவுக்கே சென்றது. 1936இல் பேர்லினில் தியான்சந்த் தலைமையில் ஆடிய அணி ஜேர்மனியை 8–1 என்று வென்றது. 1948இல் சுதந்திரம் பெற்று ஓராண்டே ஆன நாடு, லண்டன் மாநகரிலேயே பிரித்தானிய அணியை 4–0 என்று தோற்கடித்தது. அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு அது வெறும் பந்தாட்டமாக இருந்திருக்குமா?

1960இல் றோம் நகரில் பாக்கிஸ்தானிடம் முதன்முறையாகத் தங்கம் பறிபோயிற்று. 1964இல் அது மீண்டது. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் கிடைத்தது. 1980இல் மொஸ்கோவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் எட்டாவது தங்கம் வந்தது. அதன் பின்னர் நாற்பத்தொரு ஆண்டுகள் ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமேனும் இல்லை!

ஏன் இவ்வாறு நிகழ்ந்தது? ஹொக்கி அபிமானிகள் பலர் சொல்லும் காரணம் செயற்கைத் தரை. 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் புல்தரைக்குப் பதிலாகச் செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. அங்கே இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. புல்தரையில் பந்தை மட்டையோடு ஒட்டி நடத்தும் கைத்திறனுக்குப் பெருமதிப்பு. செயற்கைத் தரையிலோ பந்து விரைந்தோடும். அதனோடு ஓடுவதற்கு உடல் வலிமையும் ஓட்ட வேகமும் வேண்டும். அத்தகைய தரைகளை அமைக்கப் பெரும் பொருளும் வேண்டும். ஆகவே இக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை.

ஆயினும் அது முழு உண்மையன்று. நம்மைப் போலவே புல்தரையில் வளர்ந்த பாக்கிஸ்தான், 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் 1994இல் சிட்னி உலகக் கிண்ணத்திலும் அதே செயற்கைத் தரையிலே வெற்றி வாகை சூடியதே! அப்படியாயின் பழியைத் தரையின்மேல் மட்டும் போடலாமா? ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்ற கதையாக அது முடிந்துவிடாதா?

அன்பர்களே, நாம் கண்ட மட்டில் பெருங்குற்றம் நிருவாகத்திலேயே இருந்தது. சில நிகழ்ச்சிகளை மட்டும் கூறுவோம்.

1998ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில், முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் இந்தியா தங்கம் வென்றது. தலைமை தாங்கியவர் தன்ராஜ் பிள்ளை. பூனாவை அடுத்த கிர்க்கியிலே ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, மைதானக் காவலரான தந்தையின் உழைப்பில் வளர்ந்து, உடைந்த மட்டைகளால் ஆடிப் பழகியவர். வென்று திரும்பிய அவ்வணிக்குக் கிடைத்த பரிசு யாது? தலைவரும் மூத்த ஆட்டக்காரர் பலரும் அடுத்த தொடருக்கு நீக்கப்பட்டனர்; பயிற்சியாளரும் போனார். தோற்றவனைத் தண்டிப்பதையாவது விளங்கிக்கொள்ளலாம். வென்றவனைத் தண்டித்த விந்தையை என்னவென்பது?

2008 மார்ச்சில் சிலி நாட்டுச் சந்தியாகோவில் பிரித்தானியாவிடம் 0–2 என்று தோற்று, ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியையே இந்தியா இழந்தது. 1928 முதல் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதல் தடவை. அடுத்த மாதமே சம்மேளனத்தின் செயலாளர் இலஞ்சக் குற்றச்சாட்டின் பேரில் பதவி விலக, சம்மேளனமும் இடைநிறுத்தப்பட்டது. 2009இல் ஹொக்கி இந்தியா என்ற புதிய அமைப்புத் தோன்றியது. ஆயினும் 2010 ஜனவரியில், டில்லி உலகக் கிண்ணத்துக்குச் சில வாரங்களே இருக்கையில், தமக்குச் சேரவேண்டிய பணம் தரப்படவில்லையென ஆட்டக்காரர்கள் பூனா முகாமில் பயிற்சியைப் பகிஷ்கரித்தனர். கூலிக்காக நின்று போராடிய பரம்பரையில் வந்த நமக்கு அவர்களுடைய மனநிலையை யாரும் விளக்கவேண்டியதில்லை. 2012இல் லண்டனில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்று, பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாவதாக அவ்வணி நின்றது. அறுபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் வெற்றிக் கொடி நாட்டிய அதே நகரத்திலே!

பயிற்சியாளர் மாற்றத்தையும் பாருங்கள். 2011 முதல் 2019 வரை நோப்ஸ், வோல்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைன், ஹரேந்திர சிங், ரீட் என எழுவர் அப்பதவிக்கு வந்தனர். வோல்ஷ் 2014 ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் பெற்றுக் கொடுத்தார். அடுத்த மாதமே விலகினார். வான் ஆஸ் சில மாதங்களே இருந்தார். மரைனைப் பெண்கள் அணியிலிருந்து ஆண்கள் அணிக்கு மாற்றி, பிறகு மீண்டும் பெண்கள் அணிக்கே அனுப்பினர். அங்கே மூன்றாண்டுகள் நிலைத்திருந்து, டோக்கியோவில் பெண்களை நான்காம் இடம்வரை உயர்த்தினார் அம்மனிதர். நட்ட தேயிலைக் கன்றை மாதந்தோறும் பிடுங்கி வேர் பிடித்ததா என்று பார்ப்பவனுக்குக் கொழுந்து எங்ஙனம் கிடைக்கும்?

இனி, நின்ற தேர் நகர்ந்த வகையைக் கூறுவோம். 2018இல் ஒடிசா மாநில அரசு ஆண், பெண் இரு அணிகளுக்கும் ஆதரவு தர முன்வந்தது. அவ்வேற்பாடு பின்னர் 2036 வரை நீட்டப்பட்டது. அம்மாநிலத்துச் சுந்தர்கர் மாவட்டம் ஆதிவாசி மக்கள் மிகுந்தது. அங்கே மூங்கில் மட்டையோடு ஆடத் தொடங்கி, நாட்டு அணிக்கு உயர்ந்த பிள்ளைகள் பலர். அவ்வூர்க்காரரும் முன்னாள் அணித்தலைவருமான திலீப் திர்க்கி 2022இல் ஹொக்கி இந்தியாவின் தலைவரானார். ஆடியவனே ஆட்டத்தை நிருவகிக்கும் நிலை அப்போது வந்தது.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் காலை ஏழு மணி. நாம் பெரட்டுக் களத்துக்குப் போகும் வேளை. டோக்கியோவில் இந்தியாவும் ஜேர்மனியும் வெண்கலத்துக்காகப் பொருதன. 1–3 எனப் பின்தங்கிய இந்தியா 5–4 என முன்னேறியது. ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருக்கையில் ஜேர்மனிக்கு ஒரு பெனல்டி கோர்னர். கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷ் அதனைத் தடுத்தார். கைபேசியைச் சுற்றி நின்ற ஆறேழு பேர் எழுப்பிய கூச்சலைக் கேட்டு, லயத்தில் என்ன விபரீதமோ என்று பெண்கள் ஓடி வந்தனர். அதே அணி அதே போட்டியில் அவுஸ்திரேலியாவிடம் 1–7 என்று தோற்றிருந்தது என்பதையும் மறக்கலாகாது. முன்னைய நாட்களாயின் அத்தோல்வியோடு பயிற்சியாளரைத் தூக்கியெறிந்திருப்பர். இம்முறை பொறுத்தனர், பதக்கமும் வந்தது.

2024 ஆகஸ்ட் 8ஆம் நாள் மாலை, பரிஸ் நகரில் ஸ்பெயினை 2–1 என வென்று மீண்டும் வெண்கலம். அதற்கு முன் கால் இறுதியில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, பத்துப் பேராக நாற்பது நிமிடத்துக்கு மேல் பிரித்தானியாவை எதிர்த்து நின்றனர். ஒருவன் குறைந்தபோது மற்றப் பத்துப் பேரும் அவனுடைய வேலையையும் பங்கிட்டுக்கொண்டனர். நமது நிரையிலே ஒருவருக்குச் சுகமில்லாத நாளில் மற்றவர்கள் செய்வதும் அதுவன்றோ!

எதிர்காலம் எப்படி? குருட்டுப் பக்தி நமக்கு வேண்டாம், குறைகளையும் கூறவேண்டும். 2023இல் தன் நாட்டிலேயே நடந்த உலகக் கிண்ணத்தில் இந்தியா கால் இறுதியைக்கூட எட்டவில்லை. 2025 ஜூனில் ஐரோப்பாவில் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றது. செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தை வென்று, 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்பதே உண்மை நிலை. பரிஸில் அணித்தலைவர் ஹர்மன்பிரீத் ஒருவரே பத்துக் கோல்கள் போட்டார். அவற்றுட் பெரும்பாலானவை பெனல்டி கோர்னரிலும் பெனல்டி அடியிலும் வந்தவை. ஒரே தூணில் மண்டபத்தை நிறுத்துவது ஆபத்து. ஸ்ரீஜேஷும் பரிஸோடு ஓய்வு பெற்றார்.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஓய்வு பெற்ற ஸ்ரீஜேஷ் இளையோர் அணியின் பயிற்சியாளராகி, 2025 டிசெம்பரில் சென்னையில் முடிவுற்ற இளையோர் உலகக் கிண்ணத்தில் வெண்கலம் பெற்றுத் தந்தார். தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்போன கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு ஹொக்கி உண்டு. அவ்வூர் மாரீஸ்வரனும் அரியலூர்க் கார்த்தியும் 2022 ஆசியக் கிண்ணத்தில் நாட்டுக்காக ஆடினர். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இவ்வணி என்ன செய்யுமென்று சோதிடம் கூற நாம் வரவில்லை. நிருவாகம் பொறுமை காக்குமாயின் அணி நிலைக்கும். பழைய பிணக்கு மீண்டுமாயின் தேரும் மீண்டும் நிற்கும்.

இந்நோய் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2023 நவம்பரில் நமது நாட்டுக் கிரிக்கெட் நிறுவனத்தை, அரசின் தலையீட்டைக் காரணம் காட்டிச் சர்வதேச கிரிக்கெட் பேரவை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியிலேதான் தடை நீங்கியது. மைதானத்துக்கு வெளியே நடந்த சண்டைக்கு மைதானத்தில் நின்றவர்களே நட்டம் செலுத்தினர்.

இவையெல்லாம் பெரிய இடத்துக் கதைகள். நமது வாசலுக்கு வருவோம். இப்பகுதியில் ஒரு தோட்டத்திலே கரப்பந்துக் குழு ஒன்று இருந்தது. லயம் லயமாகக் காசு சேர்த்து வலையும் சட்டையும் வாங்கினர். தலைவன் யார் என்பதில் பிணக்கு வந்தது. பொறுப்பாளரின் உறவினர் ஒருவர் தலைவரானார். நன்றாக ஆடிய இரு பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்களுள் ஒருவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். மற்றவன் மாலை வேளைகளில் எங்கே போய் நிற்கிறான் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். வலை மட்டும் இன்னும் மடித்தபடி கிடக்கிறது. அக்குழுவின் வரவு செலவைப் பார்த்தவர்களுள் நாமும் ஒருவர். வாய் திறக்கவேண்டிய நேரத்தில் நாம் வாய் மூடியிருந்தோம். அக்குற்றம் நம்மையும் சாரும்.

இன்று மாலைப் பொதுக்கூட்டத்தில் நமது மன்றம் புதிய விளையாட்டுக் குழுவைத் தெரிவு செய்ய இருக்கிறது. நமது வேண்டுகோள் நான்கே. ஆடுபவர்களுள் ஒருவராவது குழுவில் இருக்கட்டும். யாருடைய பிள்ளை என்று பாராது, யார் ஆடுகிறான் என்று பார்த்து அணியைத் தெரியுங்கள். சேர்த்த காசின் கணக்கை மாதந்தோறும் கோயில் வாசலில் ஒட்டுங்கள். ஓர் ஆட்டத்தில் தோற்றவுடன் யாரையும் துரத்தாதீர்கள்; மூன்று ஆண்டுகளேனும் பொறுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வலை கட்டிக் கொடுப்பீர்களானால் நாம் இரட்டிப்பு மகிழ்ச்சி அடைவோம்.

மடித்து வைத்த வலையை அவிழ்ப்பதற்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒன்றுபட்ட மனம் போதும். கொழும்புக்குப் போன பிள்ளை பொங்கலுக்கு வரும்போது, அவனுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கட்டும்.