டியூப்லைட்டை அணைச்சதும் தெரிஞ்ச பூ

போன வாரம் ராத்திரி எட்டு மணிக்கு எங்க ஏரியாவுல கரண்ட் போச்சு. மொபைல் டார்ச்சை ஆன் பண்ணி மேஜை மேல சாய்ச்சு வெச்சேன். அந்த வெளிச்சம் பக்கவாட்டுல சுவர்ல பட்டதும், அங்க மாட்டியிருந்த காகிதத்துல ஒரு பூ டிசைன் வெள்ளி மாதிரி மின்னுச்சு.

ஆபீஸ் வேலையா ஜப்பான் போனப்போ கியோட்டோவுல வாங்கினது அது. ஒன்றரை வருஷமா டியூப்லைட்டுக்குக் கீழ எனக்கு அது வெறும் சாம்பல் காகிதம்தான். காசு கொடுத்து ஏமாந்துட்டோமோன்னுகூட தோணியிருக்கு.

இதுக்குப் பேரு கரகாமி. ஜப்பான் மரக்கட்டை அச்சுன்னா நமக்கு உடனே ஹொகுசாயோட பெரிய அலை ஞாபகம் வரும். அது கையில எடுத்துப் பார்க்கிற படம். கரகாமி வேற. சீனாவிலிருந்து வந்த அலங்காரக் காகிதத்தைப் பார்த்து ஜப்பான்ல செய்ய ஆரம்பிச்சது. முதல்ல அதுல கவிதை எழுதினாங்க. அப்புறம் ஃபுசுமாங்கிற இழுவைக் கதவுகள்ல ஒட்டினாங்க. கியோட்டோவுல இருக்கிற கட்சுரா அரச மாளிகையில இந்தக் காகிதம் உண்டு.

செய்முறை எளிமையானது, ஆனா சுலபமில்லை. மேக்னோலியா மரக்கட்டையில டிசைனைச் செதுக்குவாங்க. காக்காப்பொன் தூள், இல்லைன்னா சிப்பியை அரைச்ச வெள்ளை, அதோட கடற்பாசிப் பசை. இந்தக் கலவையை நேரா கட்டையில தடவ மாட்டாங்க. மெல்லிய துணி கட்டின வட்டச் சட்டத்துல தடவி, அதால கட்டையை மெதுவா தட்டுவாங்க. மேல காகிதத்தை விரிச்சு உள்ளங்கையால தேய்ப்பாங்க. ஹொகுசாய் மாதிரி படங்களுக்கு பாரென்னு ஒரு கருவி வெச்சு அழுத்தித் தேய்ப்பாங்க. இங்க வெறும் கைதான். அழுத்தம் குறைவா இருக்கிறதால நிறம் காகிதத்துக்கு மேல மிதக்கிற மாதிரி நிக்கும்.

ஒரு கதவை நிரப்ப ஒரே கட்டையைத் தள்ளித் தள்ளி வெச்சுப் பத்துப் பன்னிரண்டு தடவை அச்சடிக்கணும். ஒரு விளிம்புல முடியற கோடு அடுத்ததுல சரியா தொடரணும். கோடு எழுதுற நமக்கு இது பழக்கமான விஷயம்: ஒரு துண்டை எழுதி எங்கேயும் பயன்படுத்துறோம். வித்தியாசம் என்னன்னா, இங்க பன்னிரண்டும் ஒண்ணுபோல வராது. கை எங்க லேசா இறங்குச்சுன்னு காகிதம் காட்டிக் கொடுத்துடும்.

கியோட்டோவுல கரச்சோங்கிற பட்டறை 1624-ல தொடங்கினது. அவங்ககிட்ட 600-க்கும் மேற்பட்ட பழைய கட்டைகள் இருக்கு. ஆனா இன்னைக்கு ஜப்பான் அடுக்குமாடி வீடுகள்ல ஃபுசுமா குறைஞ்சுபோச்சு. கதவே இல்லாதப்போ கதவுக் காகிதத்தை யார் வாங்குவாங்க? அவங்க கட்டையை மாத்தலை. அச்சை எதுல ஒட்டுறோங்கிறதை மாத்தினாங்க. சுவர்ப் பலகை, விளக்கு மூடி, வாழ்த்து அட்டைன்னு போச்சு.

இதுல எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு. தினமும் கைபட்டுத் திறந்த கதவு, இப்போ தொடக் கூடாத அலங்காரமா ஆயிடுச்சே? ஆனா யோசிச்சுப் பாருங்க. கட்டையைப் பெட்டியில வெச்சுக் காப்பாத்தலாம். உள்ளங்கைக்குத் தெரிஞ்ச அழுத்தத்துக்கு பேக்கப் கிடையாது. அடுத்தவங்க பக்கத்துல நின்னு, அச்சடிச்சு அடிச்சுத்தான் அது கைமாறும். அதுக்கு யாராவது வாங்கணும். விளக்கு மூடியா இருந்தாலும் சரி.

அன்னைக்கு இன்னொண்ணும் புரிஞ்சுது. காக்காப்பொன் அச்சு பக்கத்திலிருந்து வர்ற வெளிச்சத்துலதான் உயிரோட இருக்கும். பழைய ஜப்பான் வீடுகள்ல காகிதத் தடுப்பு வழியா தாழ்வா வந்த பகல் வெளிச்சம், ராத்திரி தரையில எரிஞ்ச விளக்கு. நான் அதைத் தலைக்கு மேல எரியற டியூப்லைட்டுக்கு நேரா மாட்டி வெச்சிருந்தேன். யாரும் என்னை ஏமாத்தலை.

இப்போ அது ஜன்னல் ஓரச் சுவர்ல, நேர் வெயில் படாத இடத்துல இருக்கு. பக்கத்துல ஒரு சின்ன மேஜை விளக்கு. அன்னைக்குக் கரண்ட் வந்தப்புறமும் நான் டியூப்லைட்டைப் போடலை. நீங்களும் இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுல பெரிய லைட்டை ஒரு பத்து நிமிஷம் அணைச்சுப் பாருங்க. எது புதுசா தெரிஞ்சுதுன்னு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.