நோய்க்கு மதம் பூசாதீர்!

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



கொள்ளைநோய் பரவும் காலத்தில் மருத்துவர் ஊருக்குள் வருமுன்னரே செய்தி வந்துவிடுகின்றது. எதற்கு அஞ்சுவது, எவருக்கு அஞ்சுவது என்பதை மக்கள் அச்செய்தியிலிருந்தே அறிகின்றனர். நோய்க்கு அஞ்சச் செய்யும் செய்தி உயிரைக் காக்கும்; மனிதருக்கு அஞ்சச் செய்யும் செய்தி நாட்டைக் கெடுக்கும்.

1918ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். போரில் இறங்கியிருந்த வல்லரசுகள் இன்புளுவென்சாச் செய்திகளைத் தணிக்கை செய்தன. நடுநிலை வகித்த ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகளோ, தம் மன்னர் பதின்மூன்றாம் அல்பொன்சோ நோயுற்றதையும் மறைக்காது எழுதின. உண்மை உரைத்ததற்குக் கிடைத்த பரிசு யாது? நோய்க்கே 'ஸ்பானியக் காய்ச்சல்' என்று பெயர் சூட்டினர்! அது ஸ்பெயினில் பிறந்ததென்று எவரும் நிறுவியதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2017இல் டெங்கு 186,000 பேருக்கு மேல் பிடித்தது. நானூறு பேருக்கு மேல் மாண்டனர். நுளம்புக்கு மதமில்லை, ஆதலால் அந்நோயைக் காட்டி ஒரு சமூகத்தைத் தூற்ற வழியிருக்கவில்லை. 2020இல் கொரோனா வந்தது. சில தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் நோயாளியின் மதத்தைத் தேடின. முஸ்லிம் ஊர்களே நோயின் ஊற்றுக்கண்கள் என்பதுபோற் காட்டின.

விளைவு என்ன? இறந்தோரைப் புதைக்கலாமென உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வாண்டு மார்ச் மாதமே கூறியிருந்தது. ஆயினும் ஏப்ரிலில், தகனமே கட்டாயமென வர்த்தமானி வெளிவந்தது. நிலத்தடி நீர் கெடுமென்றனர். சான்று கேட்டோருக்குச் சான்று கிடைக்கவில்லை. டிசெம்பரில், பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்றும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் ஆணை மாறியது; மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. வெந்த உடலை மன்னிப்பு மீட்டுத் தருமா?

அந்த ஆணையை எழுதியது அரசாங்கம். அதனை எதிர்ப்பின்றி ஏற்கும் மனநிலையைப் பலரிடத்தே வளர்த்தது செய்தி.

2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை நடந்த பேரணி, தமிழரின் கோரிக்கைகளோடு முஸ்லிம்களின் அடக்க உரிமையையும் முழங்கியது. அயலவரின் துயரைத் தன் துயராகக் கொண்ட அந்தக் குரல் நம் ஏடுகளிலும் நிலைக்க வேண்டும்.

பத்திரிகையாளர்களே! நோய் எவ்வாறு பரவுகின்றது, எவ்வாறு தடுப்பது, ஆஸ்பத்திரியில் இடமுண்டா என்பவற்றை எழுதுங்கள். மாண்டோர் தொகையோடு குணமடைந்தோர் தொகையையும் எழுதுங்கள். நோயாளியின் மதத்தை எழுதாதீர்கள். வாசகர்களே! அதனை எழுதும் ஏட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

இன்னொரு கொள்ளைநோய் வரவே செய்யும். அன்று சுட்டும் விரல் எந்தச் சமூகத்தை நோக்கி நீளுமென எவரறிவார்? அது நம்மை நோக்கியும் நீளலாம். அவ்விரலை இன்றே மடக்குவோம்!