தொட்டிக்குள் எந்தக் கம்பி?

வீட்டில் மின்னணுக் கருவிகள் செய்து பழகும் பிள்ளைகள் சர்க்யூட் வரைவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, அதை எந்தப் பொருளைக் கொண்டு செய்கிறோம் என்பதில் காட்டுவதில்லை. அது பொறியாளர் படிப்பு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதே இல்லை. இந்தப் பொருள் எங்கே இருக்கப்போகிறது, அங்கே இதை எது தின்னும் என்று கேட்கப் பழகினாலே பெரும்பாலான தவறுகள் நின்றுவிடும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி வைக்கிறார்களே, மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் கருவி, அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸர், தண்ணீருக்குள் தொங்கும் இரண்டு செம்புக் கம்பிகள். மேசையில் வாளித் தண்ணீரில் அருமையாக ஒலிக்கும். தொட்டியில் மாட்டினால்தான் தொல்லை. பேட்டரியின் நேர்முனையோடு சேர்ந்த கம்பியிலிருந்து செம்பு அயனிகளாகக் கழன்று தண்ணீரில் கலக்கும். எதிர்முனைக் கம்பியில், போர் தண்ணீராக இருந்தால், சுண்ணாம்பு ஏறும். கம்பி கெடுவதோடு போகாது. செம்பு கலந்த அந்தத் தண்ணீரைத்தான் வீட்டில் புழங்குகிறோம்.

செம்புக்குப் பதில் எவர்சில்வர் கம்பி போடலாம். அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகி உலோகத்தைக் காக்கிறது. 304 என்ற வகையில் குரோமியம் ஏறத்தாழ 18 சதவீதம். 316 வகையில் மாலிப்டினமும் சேர்வதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனாலும் ஒரே திசையில் மின்சாரம் ஓயாமல் பாய்ந்தால், உப்புத் தண்ணீரில் எவர்சில்வரிலும் குழி விழும். அளக்கும் நொடிக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். மிதவை சுவிட்ச் இதைவிட மேல் என்பது என் தீர்ப்பு. மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் கண்ணாடிக் குழாயில் அடைத்த ரீட் சுவிட்ச். மின்சாரம் ஓடும் உலோகம் தண்ணீரைத் தொடுவதே இல்லை.

அடுத்தது, கருவியை வைக்கும் பெட்டி. இப்போது பலரும் த்ரீடி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிடுகிறார்கள். அது 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். மாடி வெயிலில் கறுப்புப் பெட்டிக்கு அந்தச் சூடு எட்டாத சூடல்ல. வெயிலில் கிடக்கும் பெட்டிக்கு ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் பொருந்தும். இரும்புப் பெட்டி உறுதியானதுதான். ஆனால் உள்ளே வைஃபை இருந்தால் அலை வெளியே வராது.

ஓட்டையை அடைக்கக் குளியலறை சிலிக்கான் பசையைப் பிதுக்குகிறீர்களா? முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால், அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது என்று பொருள். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி செம்புத் தடங்களை அரிக்கும். டியூபில் ‘நியூட்ரல்’ என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். இந்தச் சோதனைக்கு மூக்கு போதும், ஆய்வுக்கூடம் வேண்டாம்.

இதையெல்லாம் எங்கே கற்பது? பல ஆண்டுகள் உழைத்த பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பாருங்கள்; பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் தங்கிய மின்சாரம் இறங்கிய பிறகு. அலுமினியத் தகட்டுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே மெல்லிய மைக்கா ஏடு இருக்கும். மின்சாரத்தைத் தடுக்கும், மெல்லியதாக இருப்பதால் சூட்டைக் கடத்திவிடும். செம்பு அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு சூடு கடத்தும். இருந்தும் தகட்டை அலுமினியத்தில் செய்தார்கள், எடையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விலையும் மலிவு என்பதால். அனுபவசாலி ஒருவர் எதை விட்டுக்கொடுத்து எதை வைத்துக்கொண்டார் என்பது அந்தத் தகட்டில் கண்முன் தெரிகிறது. எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நான் மதிப்பது இதைத்தான்.

மறுபடி நம் மாடிப் பெட்டிக்கு வருவோம். அதை முழுக்க அடைத்தாலும் இரவில் குளிரும்போது ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் அடிப்பக்கம் சிறு துளை விடுங்கள். ஒயரையும் கீழிருந்தே, ஒரு வளைவு தொங்கவிட்டு, உள்ளே கொண்டுபோங்கள்; மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.